இல்லம் புகுந்த ஒலிப்பதிவுக் கூடம்

இசை, பிறந்த கணத்திலேயே மறையும் இயல்பினது. அதனைப் பிடித்து வைத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் வழியை 1877-ஆம் ஆண்டில் எடிசன் கண்டார். ஆயினும் அதன்பின் நெடுங்காலம் ஒரு நியதி நிலவியது: நல்ல பதிவை வேண்டுவோர் பெருஞ்செலவில் அமைந்த கூடங்களை நாடிச் செல்லவேண்டும். அக்கூடமே இன்று நம் இல்லத்து மேசைமீது வந்தமர்ந்துள்ளது. அது வந்த வழியைச் சற்று நோக்குவோம்.

1902-ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பாடுபவர் பெரிய கூம்புக் குழாயின் முன் உரத்துப் பாடவேண்டும். சுமார் மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்தாகவேண்டும். மெழுகுத் தட்டுகள் கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று இசைத்தட்டுகளாகித் திரும்பும். பின்னர் மின்சார ஒலிவாங்கியும் காந்த நாடாவும் வந்தன. தரம் உயர்ந்தது, கூடத்தின் செலவோ குறையவில்லை.

கணிப்பொறி இத்துறையில் ஒரு முக்கிய அடி எடுத்துவைத்தது 1957-இல். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் எழுதிய நிரலின் துணையால், ஐ.பி.எம். 704 என்னும் பொறி 17 விநாடி நேர இசையொன்றை ஒலிக்கச் செய்தது. அறை முழுதும் அடைத்து நின்ற அப்பொறியை இல்லத்தில் வைத்தல் அன்று எண்ணவும் இயலாதது.

இல்லத்தின் கதவைத் திறந்தது 1983-இல் வெளியான மிடி என்னும் பொதுநெறி. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் அதன் முன்னோடிகள். அது ஒலியைச் சுமப்பதன்று. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன் என்னும் ஆணையை மட்டுமே சுமப்பது. பாட்டை அனுப்பாமல் ஸ்வரக் குறிப்பை எழுதி அனுப்புவதை இது ஒக்கும். இச்சிக்கனத்தின் அருமையை ஒரு கணக்கு உணர்த்தும். 1985-இல் மிடி இணைப்புடனே வந்த அட்டாரி 520 எஸ்.டி. கணிப்பொறியின் நினைவகம் 512 கிலோபைட். குறுந்தகட்டின் தரத்தில் ஒலியையே இட்டால் அது மூன்று விநாடியில் நிறைந்துவிடும்; குறிப்புகளாயின் முழுப்பாட்டும் எளிதில் அடங்கும்.

குறுந்தகட்டு முறையில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. ஒரு நிமிட இசைக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். வன்தட்டுகள் பெருகி மலிந்தபோது ஒலியே கணிப்பொறியுட் புகுந்தது. 1991-இல் புரோ டூல்ஸ் வந்தது. 1996-இல் கியூபேஸ் வி.எஸ்.டி. கலவை மேசையையும் எதிரொலிக் கருவிகளையும் நிரலாகவே தந்தது. 2000-இல் வெளியான ஆடாசிட்டியோ விலையின்றியே கிடைத்தது.

இம்மாறுதலுக்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டி ஏ. ஆர். ரஹ்மான் அமைத்த சிறு கூடத்தில் 1992-ஆம் ஆண்டின் ‘ரோஜா’ இசை உருவாயிற்று. பின்னர் அது இந்தியிலும் ஒலித்து நாடெங்கும் பரவியது.

இன்று வேண்டுவன சிலவே: ஒரு கணிப்பொறி, ஓர் ஒலிவாங்கி, ஒலியை எண்ணாக்கும் சிறு இடைமுகப் பெட்டி, ஹெட்போன். இவற்றினும் முதன்மையானது அமைதி. மின்விசிறியை நிறுத்தி, கனத்த திரையோ புத்தக அலமாரியோ சூழ்ந்த மூலையில் அமர்ந்தால் அறையின் எதிரொலி அடங்கும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதனாற் பெரும்பயன் ஒன்றுண்டு. நம் பாட்டிமார் நெஞ்சில் தாலாட்டும் கும்மியும் நலுங்குப் பாட்டும் வாழ்கின்றன; ஏட்டில் ஏறாதவை பல. பேரக் குழந்தைகள் இந்தியோ மராத்தியோ வங்காளியோ பேசி வளரும் வீட்டில், அவை கேட்பாரின்றி அவிந்துபோதல் கூடும். பாடுபவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் முதலிற் சொல்லிப் பதிவு செய்து, இரு படிகள் எடுத்து வெவ்வேறிடங்களில் வைப்போமாக. 1902-இல் ஒரு குரலைக் காக்கக் கடல் கடக்க வேண்டியிருந்தது; இன்று ஒரு மாலைப்பொழுது போதும். அக்குரல் நம்மிடை ஒலிக்கும்போதே இதனைச் செய்தல் நம் கடனாகும்.