வேலை செய்யற உடம்பு

எங்கள் ஊர் காடாம்புலியூர். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற சாலையில் இருக்கிறது. சுற்றிலும் முந்திரியும் பலாவும்தான்.

"வேலை செய்யற உடம்புக்கு ஏதுடா சுகரு? அதெல்லாம் மெட்ராசுல உக்காந்து திங்கறவங்களுக்கு" என்பார் அப்பா. முந்திரித் தோப்பில் குச்சி குத்தியது அவருக்கு உறைக்கவே இல்லை. புண் ஆறாமல் போனபோதுதான் சுகர் என்றார்கள். 2004இல் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள்.

அப்பாவின் பேச்சை வெறும் அறியாமை என்றே நினைத்திருந்தேன். கணக்கெடுப்புகளின் வரலாற்றைப் படித்தபோது அது அப்படியில்லை என்று புரிந்தது.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எண்ணினால் தேடி வந்தவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். நாள்பட்ட நோய்களோ வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் உடம்புக்குள் இருக்கக்கூடியவை. அதனால் நன்றாக இருப்பவர்களையும் ஊரோடு சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் என்ற சிற்றூரில் 1948இல் இதய நோய்க்காக அப்படி ஓர் ஆய்வு தொடங்கியது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 1980களின் கடைசியில் சர்க்கரைநோயை நகரத்திலும் கிராமத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நகரத்தில் 8.2 சதவீதம், கிராமத்தில் 2.4.

அதாவது அப்பா சொன்னது அன்றைக்கு ஏறக்குறைய உண்மைதான்!

ஆனால் 2003இல் கிராமத்தில் மறுபடி எண்ணியபோது அது 6 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இளவயதில் ஏற்றம் இறைத்தவர் அப்பா. எனக்கு விவரம் தெரிந்தபோது மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு மொபெட்டில் திரும்பி வருவார். தட்டில் சோறு மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

இதைத் தடுக்க முடியுமா? அதே ராமச்சந்திரன் குழு, சர்க்கரைநோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, நடைப்பயிற்சி செய்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு. முழுசாகத் தடுக்க முடியவில்லைதான். ஆனால் நூறு பேரில் பதினைந்து பேர் தப்பித்தார்கள் என்பது சாதாரண விஷயமா?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இப்போது அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருவது எங்கள் தெருப் பெண்தான். போன முறை நான் ஊரில் இருந்தேன்.

"அண்ணே, நீங்க சுகர் பாத்துட்டீங்களா?"

"எனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் உறைத்தது. அப்பாவாவது ஒருகாலத்தில் ஏற்றம் இறைத்தவர். நான் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன்.

விரலை நீட்டினேன்.