தேர்மணி முதல் கார் வானொலி வரை

அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் ஒரு தேரைக் காட்டுகிறார். வினைமுடித்த தலைவன் கார்காலத்துக் காட்டுவழியே வீடு திரும்புகிறான். பூவில் தாதுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசை கேட்டு மருண்டுவிடுமே என்று அஞ்சி, மணியின் நாவை அசையாதபடி கட்டிவிட்டுத் தேரைச் செலுத்துகிறான். அருளுணர்வுக்குச் சான்றாக உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் பலகாலம் எடுத்துக்காட்டிய பாடல் இது. அதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. அவன் மணியைக் கழற்றி எறியவில்லை. கட்டை அவிழ்த்தால் மணி முன்போலவே ஒலிக்கும்.

ஊர்தியின் ஒலியை மாற்றலாம். ஊர்தியைக் காயப்படுத்தாமல் மாற்ற வேண்டும். இந்த எளிய நெறியை மனத்திற்கொண்டு, பழைய கார்களின் பாட்டுப்பெட்டி வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். இலக்கிய அன்பர்களுக்கு இது அயலான பொருளாகத் தோன்றலாம். ஆயினும் பழையதைப் பேணுவது எப்படி என்ற கேள்வி சுவடிக்கும் கோயிலுக்கும் காருக்கும் பொதுவானதே.

மணலூர்பேட்டையிலிருந்தே தொடங்குவோம். 2019ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையின் கரையில் அமைந்த பேரூர் இது. ஒருபுறம் திருக்கோவலூர், மறுபுறம் திருவண்ணாமலை. தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் இங்கே எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண்கிறார். இத்தகைய ஊர்களில் கார் என்றாலே நெடுங்காலம் அம்பாசடர்தான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை அடிப்படையாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் உருவாக்கத் தொடங்கிய வண்டி அது. பம்பாயிலிருந்து ஃபியட்டும், 1961 முதல் சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டும் வந்தன. எனினும், திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் தேர்தலுக்கும் அழைக்கப்பட்டது பெரும்பாலும் அம்பாசடரே.

நம் சிற்றூர்களில் கார் தன் பயணிக்காகப் பாடத் தொடங்குமுன் ஊருக்காகப் பாடிற்று என்பது கருதத்தக்கது. கூரைமேல் கேரியர், அதில் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாகக் கூம்பு ஒலிபெருக்கிகள், பின்னிருக்கையில் ஆம்பிளிஃபயர், அதற்கு மின்சாரம் தர ஒரு பேட்டரி, முன்னிருக்கையில் மைக் பிடித்த அறிவிப்பாளர். கட்சிக் கூட்டமும் புதுப்படமும் திருவிழாவும் இவ்வாறுதான் தெருத்தெருவாக அறிவிக்கப்பட்டன. வேலை முடிந்ததும் சவுண்டு சர்வீஸ்காரர் கயிற்றை அவிழ்த்துக் கருவிகளை இறக்கிச் செல்வார். காரின் உடலில் ஓட்டை ஒன்றும் மிஞ்சாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. வண்டுக்காக மணியின் நாவைக் கட்டியவன் மரபில் வந்த நமக்கு, உறங்கும் மனிதருக்காக ஒரு சட்டம் தேவைப்பட்டது!

காருக்குள்ளே ஒலித்த இசையின் கதை வேறு. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930இல் தம் கார் வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அதற்கு அவர்கள் இட்ட ‘மோட்டோரோலா’ என்ற பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயராயிற்று. 1932இல் ஜெர்மனியின் புளாபுங்க்ட் நிறுவனம் ஐரோப்பாவின் முதல் கார் வானொலியை வெளியிட்டது. வால்வுகளால் இயங்கிய அக்காலப் பெட்டிகள் பெரியவை, எடை மிக்கவை. கார் பேட்டரியின் தாழ்ந்த மின்னழுத்தம் வால்வுகளுக்குப் போதாது. அதை உயர்த்தித்தர ‘வைப்ரேட்டர்’ என்னும் அதிர்வுக் கருவி வேண்டும். அது தானே முரலும். அந்த முரலலையும் அடக்கவேண்டும். 1955இல் முழுவதும் டிரான்சிஸ்டரால் இயங்கும் கார் வானொலியைக் கிரைஸ்லருக்காக ஃபில்கோ நிறுவனம் வடித்துத்தந்தபோது இத்தொல்லை நீங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கிரைஸ்லர் கார்களில் இசைத்தட்டு சுழலும் பெட்டி ஒன்றையும் பொருத்திப் பார்த்தனர். குண்டும் குழியுமான சாலைக்கும் இசைத்தட்டு முள்ளுக்கும் ஒத்துப்போகவில்லை போலும், அது நிலைக்கவில்லை.

இந்தியாவில் காரோடு வானொலி வருவது அரிது. வேண்டுவோர் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டும். 1980களின் நடுப்பகுதிக்குள் அவ்வழக்கம் ஒழிந்தது. பெட்டி வாங்கி, உரிமமும் பெற்றவர் முள்ளைத் திருப்பினால் என்ன கேட்டிருப்பார்? 1938 ஜூன் 16இல் தொடங்கிய சென்னை நிலையம், 1939 மே 16இல் தொடங்கிய திருச்சி நிலையம், 1967 முதல் புதுச்சேரி நிலையம். அமைச்சர் கேஸ்கர் 1952 முதல் திரையிசையை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கிவைத்தபோது கேட்போர் இலங்கை வானொலியை நாடிச் சென்றனர். அந்த இழப்பை ஈடுசெய்யவே 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி பிறந்தது. இரவில் மத்திய அலை நெடுந்தொலைவு செல்லும். மணலூர்பேட்டைச் சாலையில் இரவுப் பயணம் போன காரின் வானொலியில் ஒரு நிலையத்தின்மேல் இன்னொன்று படிந்து மங்கி எழுந்திருக்கும். அந்த முள்ளும் அளவுகோல் போன்ற முகப்பும் ஒரு காலத்தின் செவிப்புலனைக் குறித்துவைத்த ஆவணங்கள்.

ஆவணத்தின்மேல் கத்தி விழுந்தது கேசட்டின் காலத்தில்தான். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் அப்பத்தாண்டு முடியுமுன்பே காருக்குள் புகுந்தது. நம் ஊருக்கு அது பரவலாக வந்தது 1980களில். இரு குமிழ்த் தண்டுகளும் நடுவே ஒரு சிறு முகப்பும் கொண்ட பழைய வானொலியின் இடத்தில், 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள செவ்வகப் பெட்டி உலகப் பொது அளவாயிற்று. பெட்டிக்கேற்ற இடம் காரில் இல்லை. ஆகவே டேஷ்போர்டு அறுக்கப்பட்டது. கதவின் உள்ளட்டையில் வட்டமாக ஓட்டை. பின்கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையில் நீள்வட்டமாக ஓட்டை. கழற்றிய பழைய வானொலி பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அவ்வாறு செய்தவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர்களுக்கு அது பழங்காரன்று. பிழைப்புக்கு ஓட்டிய வண்டி. இளையராஜாவின் பாட்டு இல்லாத நெடும்பயணத்தை எந்த ஓட்டுநர்தான் விரும்பியிருப்பார்? ஆனால் 2014 மே மாதத்தில் உத்தர்பாராத் தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றபின் நிலை மாறிவிட்டது. இனி அறுக்கப்படும் ஒவ்வொரு டேஷ்போர்டும் எண்ணிக்கையில் ஒன்று குறைவதாகும்.

இங்கே நம் கோயில் வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தம். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதுப்பிக்க முதலாம் இராசராசர் ஆணையிட்டபோது, சுவரைக் கலைப்பதற்கு முன்பே அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கச் செய்தார். இராசேந்திரர் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. புதுமை வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. பழையது சொன்ன செய்தி புதியதிலும் வாழவேண்டும் என்றார்கள். பழம்பெரும் ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2013இல் ஏற்றுக்கொண்ட ‘தூரின் சாசனம்’ வலியுறுத்துவனவும் இவற்றை ஒத்தவையே: தலையீடு இயன்றவரை குறைவாக இருக்கட்டும், பிற்காலத் தேவைக்காகச் செய்யும் மாற்றம் மீட்கக்கூடியதாக இருக்கட்டும், செய்தது பதிவு செய்யப்படட்டும். ஆயிரமாண்டு இடைவெளியில் இரு குரல்கள், ஒரே அறம்!

இந்த அறத்தோடு ஒரு பழைய அம்பாசடருக்கு நல்ல ஒலி தரமுடியுமா? முடியும். மேலைநாடுகளில் இதற்கெனத் தனித் தொழிலே வளர்ந்துள்ளது. பழைய வானொலியின் முகப்பு, குமிழ், முள் யாவும் இருந்தபடி இருக்க, உள்ளிருக்கும் மின்சுற்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு எஃப்.எம். கேட்கவும் கைபேசியோடு கம்பியின்றி இணையவும் வல்ல சிறு பலகையைப் பொருத்துகின்றனர். பழைய தோற்றத்தில் புதிய பெட்டியைச் செய்வதும் உண்டு. போர்ஷே நிறுவனம் தன் பழைய கார்களுக்கென 2020இல் அத்தகைய பெட்டியை வெளியிட்டது. இவை எதுவும் எட்டாத நிலையில் எளிய வழி ஒன்றிருக்கிறது. டேஷ்போர்டை அப்படியே விட்டுவிடுவது. கைபேசியின் பாட்டை வாங்கும் சிறு ஆம்பிளிஃபயரை இருக்கைக்கு அடியில் வைப்பது. ‘டி’ வகை ஆம்பிளிஃபயர்கள் கையளவே இருக்கும்; வெப்பமும் மிகுதியாக உமிழா.

ஸ்பீக்கருக்குக் கதவை அறுக்க வேண்டியதில்லை. பழைய ஸ்பீக்கர் இருந்த ஒற்றை இடத்திலேயே இரு சுருள்கள் கொண்ட ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தினால் இடவல ஒலி இரண்டையும் அதுவே ஏற்கும். இடவலம் பிரிந்தே கேட்கவேண்டுமெனில் சிறு மரப்பெட்டிகளில் அடைத்து இருக்கையின் கீழோ, பின்கண்ணாடிப் பலகையின் மேலோ வைக்கலாம். தரைவிரிப்பின் அடியில் நல்ல கம்பளி விரிப்பு இட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். தகரத்தின் அதிர்வு அடங்கினால், ஒலியைக் கூட்டாமலே பாட்டுத் தெளியும். இரைச்சலைக் குறைப்பதும் இசையைப் பெருக்குவதுதானே.

மின்சாரத்தில்தான் விழிப்பு வேண்டும். பிரிட்டிஷ் மரபில் வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை உடற்பகுதியோடு இணைந்திருக்கும். இன்றைய கருவிகளோ எதிர்முனை இணைந்திருப்பதாக எண்ணிச் செய்யப்பட்டவை. ஆராயாமல் இணைத்தால் கருவி எரியும். சிலபோது கம்பியும் எரியும். பழைய டைனமோ நல்ல ஓட்டத்தில் ஏறத்தாழ 20 ஆம்பியர் தரும். வண்டி நின்று உறுமும்போது அநேகமாக ஒன்றும் தராது. முகப்பு விளக்குகளுக்கே 7, 8 ஆம்பியர் போய்விடும். எனவே, ஊரதிரப் பாடும் ஆசையைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். புதிய கருவிக்குப் பேட்டரியிலிருந்தே தனிக்கம்பி, அதற்குத் தனி ஃபியூஸ். பழைய ஒயரிங்கில் ஓர் இடத்திலும் வெட்டு இல்லை. வேண்டாதபோது அத்தனையையும் உருவியெடுத்தால் கார் பழைய நிலைக்கு வந்துவிடும். கட்டவிழ்த்த மணிபோல.

ஒரு மறுப்பு எழக்கூடும். பழைய முகத்தை வைத்துக்கொண்டு புதிய குரலில் பாடவைப்பது போலித்தனமன்றோ? வானொலியின் கரகரப்பும் அக்காரின் வரலாறுதானே? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒளித்துவைத்த மாற்றம் பொய்யாகும் இடம் ஒன்று உண்டு: பின்னர் வருபவரிடமிருந்தும் அது ஒளிக்கப்படும் இடம். உ. வே. சாமிநாதையர் தாம் கண்ட பாடவேறுபாடுகளை விழுங்கிவிடவில்லை. மூலத்தின் ஓட்டத்தைக் குலைக்காமல் பக்கத்தின் அடியில் குறித்துவைத்தார். படிப்பவர் கண்ணை உறுத்தாது. ஆராய்பவர் கையில் தவறாது கிட்டும். பழங்காரின் ஒலிமாற்றமும் அத்தகைய அடிக்குறிப்பாக இருக்கட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு மறைவு. அடுத்த உரிமையாளருக்கு முழுத் தெளிவு.

இதே நெறி மற்றொன்றையும் நமக்குச் சொல்கிறது. 1980களில் அறுக்கப்பட்ட டேஷ்போர்டோடு இன்றும் ஓடும் அம்பாசடர்களை என்ன செய்வது? அந்த ஓட்டையை அடைத்துத் தீற்றி, கேசட்டே வராத காலத்துக் கார்போலக் காட்டுவதுதான் மீட்பு என்று பலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. சோழர் கருவறைக்கு முன்னே நாயக்கர் மண்டபம் நிற்கிறது. பிற்காலத்தது என்பதற்காக அதை இடிப்போமா? ஒரு வாடகைக்கார் ஓட்டுநர் தம் வருவாயிலிருந்து மிச்சம்பிடித்து வைத்த கேசட் பெட்டி, அந்தக் காரின் வாழ்வில் ஒரு திருப்பணி. நேர்த்தியற்ற அறுப்பாயினும் அது நடந்த வரலாறு. அறுத்த இடத்தில் அப்பெட்டி இன்னும் இருக்குமானால் அங்கேயே இருக்கட்டும். புதிய ஒலி அதன் பின்னே ஒதுங்கி ஒலிக்கட்டும்.

பழங்கார் வைத்திருக்கும் அன்பர்களிடம் நாம் வேண்டுவது மிகுதியன்று. ஒரு திருகைக் கழற்றுமுன் ஒரு படம் எடுங்கள். கழற்றிய வானொலியை எடைக்குப் போடாமல் துணியில் சுற்றி, எந்த வண்டியில் எந்த ஆண்டில் இருந்தது என்று ஒரு சீட்டெழுதிக் கட்டி வையுங்கள். புதிதாகச் செல்லும் கம்பிகளை ஒரு தாளில் வரைந்து வண்டியின் ஆவணங்களோடு சேருங்கள். வேலை செய்த மெக்கானிக்கின் பெயரையும் அதில் எழுதுங்கள். நம் கோயில்களைக் கட்டிய சிற்பியருள் பலரின் பெயரை நாம் இழந்துவிட்டோம், அந்தக் குறை இங்கேனும் நேராதிருக்கட்டும்.