காப்டன் ட்ரைப்பும் ஓர் ஆடம்பரமும்

மதுரையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று இருபது வருஷமாக எடுத்து வருகிறவர். ஆனால் மனம் ஒட்டி அவர் செய்வது தூண்களையும் மண்டபங்களையும் பழைய வீட்டு முற்றங்களையும் எடுப்பதுதான். மற்றதை விட்டுவிட்டுக் கட்டடம் மட்டுமே எடுப்பது என்று இறங்கிவிடலாமா? அல்லது எல்லாம் எடுக்கிறவனாகவே இருந்துவிடுவதா? ஒன்றைத் தொடர்கிறவன் ஆழம் காண்பான், பலதைத் தொடுகிறவன் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லி முடித்திருக்கலாம். வாய்க்கு இவ்வளவு வசதியாக இருக்கிற வாக்கியங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதிலாக, அவருடைய ஊரிலேயே 1858இல் காமிராவோடு நின்ற ஒருவரைப் பற்றிச் சொன்னேன்.

லின்னேயஸ் ட்ரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊர் போனபோது புகைப்படத்தில் ஈடுபாடு ஏற்பட்டது. 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். 1855இல் பர்மா சென்ற தூதுக்குழுவோடு போய் 200க்கு மேற்பட்ட நெகடிவ்களுடன் திரும்பினார். 1856இல் சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராக நியமனம் கிடைத்தது. தொல்பொருள் ஆய்வாளன், கட்டடக் கலைஞன், சிற்பி, புராண ஆராய்ச்சியாளன், சரித்திரக்காரன் ஆகியோருக்கு உபயோகமானவற்றையெல்லாம் அவை அழிவதற்குள் பதிவு செய்ய வேண்டும். இதுதான் பணி.

உத்தரவு பரந்தது. படங்களோ அப்படி இல்லை. 1857 டிசம்பரில் தொடங்கி 1858 ஏப்ரல் முடிய ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றியவரின் படங்களில் கோயில், அரண்மனை, கோட்டை, பாறை இவைதான் நிறைந்திருக்கின்றன. மனிதர்கள் அபூர்வம். இதில் பாதியைக் கருவியே தீர்மானித்துவிட்டது. அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகு ஊட்டிய காகித நெகடிவ்; அளவு ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம். அப்போது பரவிவந்த கண்ணாடித் தகட்டைப் பூசி, எடுத்து, கழுவுவது எல்லாம் ஈரம் காய்வதற்குள் நடந்தாக வேண்டும். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். பதிலுக்கு அது நெடுநேரம் வெளிச்சம் கேட்கும். நடமாடுகிறவன் படத்தில் விழமாட்டான். நிற்கிற தூண் விழும். வானம் திட்டுத் திட்டாக வரும் என்பதால் ட்ரைப் நெகடிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையை அவர் எடுத்தபோது அது இடிபாடு. 1866இல் கவர்னராக வந்த நேப்பியர் காலத்தில்தான் பழுது பார்க்கும் வேலை நடந்தது. நாம் இன்று காணும் அரண்மனைக்கு முந்திய அரண்மனை அந்தப் படங்களில் இருக்கிறது.

ஆனால் நண்பரிடம் நான் அழுத்திச் சொன்னது தஞ்சாவூர் பற்றி. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய, ட்ரைப் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி 21 படங்கள் எடுத்தார். ஒட்டி நீட்டினால் ஏறக்குறைய 19 அடி. கோபுரம் இல்லை, நிழல் விளையாட்டு இல்லை. எழுத்து வெட்டிய கல், அடுத்து மறுபடியும் கல். ஹுல்ட்ஷ் இந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்து அச்சிடத் தொடங்கியது 1891இல். அதற்கு முப்பது வருஷம் முன்பே, தான் வாசிக்க முடியாத ஒரு வாசகத்தின் முன் இந்த மனிதர் வரி தவறாமல் நகர்ந்திருக்கிறார். புகைப்படம் தன் அழகை மறந்து ஒரு பொருளுக்கு முழுசாக வேலைக்காரனாக இருந்த தருணம் அது. இன்று பார்க்கும்போது அதுவே அதன் அழகாகவும் தெரிகிறது.

இதை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? யாரும் இல்லை. வாங்குகிறவனை நினைக்கத் தேவையில்லாத சம்பளக்காரனால்தான் இதைச் செய்ய முடிந்தது. முடிவும் அங்கிருந்தே வந்தது. 1857 கலகத்துக்குப் பிறகு கஜானா காலி. 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் புகைப்பட இலாகாவைப் பெரிய ஆடம்பரம் என்று கருதி வேலையை நிறுத்தச் சொன்னார். 1860க்குள் எல்லாம் மூடப்பட்டது. (செலவைக் குறைத்தால் புது வரி தேவையில்லை என்று வாதாடிய அதே ட்ரெவெல்யன், வரித்திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார்.) ட்ரைப் படைக்குத் திரும்பினார். அப்போது வயது 38. 1902வரை உயிரோடிருந்தார், காமிராவைத் தொட்டது அபூர்வம். வாஷிங்டன் நேஷனல் காலரியில் அவருக்கென்று பெரிய கண்காட்சி நடந்தது 2014இல்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1863இல் இந்தியா வந்த ஸாமுவேல் போர்ன் இமயமலை எடுத்தார், கோயில் எடுத்தார். அவர் பெயரைத் தாங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் கம்பெனி மகாராஜாக்களையும் வைஸ்ராய்களையும் எடுத்தது. கல்கத்தாவில் அந்த ஸ்டூடியோ 2016இல்தான் மூடப்பட்டது. அவர்கள் கட்டடப் படங்கள் மட்டமானவை அல்ல, பல அற்புதமானவை. ஆனால் விற்பனைப் பட்டியல் வைத்திருக்கிறவன் ஒரு கோயிலுக்கு நாலைந்து படம் எடுப்பான். ஒரு அடித்தளத்துக்கு 21 எடுக்கமாட்டான்.

ஆக, ஒன்றா பலவா என்பதைத் திறமையின் கேள்வியாகவோ மன அமைப்பின் கேள்வியாகவோ பார்ப்பது போதாது என்று எனக்குப் படுகிறது. யாரும் கேட்காததற்கு யார் செலவு செய்வது என்பதுதான் அடியில் கிடக்கும் கேள்வி. கவிதை மட்டும் எழுதுவதா, எல்லாம் எழுதுவதா என்று நம்மிடையே ஓயாமல் நடக்கும் பேச்சிலும் இதை நாம் சௌகரியமாகத் தாண்டிப் போகிறோம். ஆபீஸில் பைல் பார்க்கிறவன்தான் ராத்திரி கவிதை எழுதுகிறவனுக்குச் சர்க்கார்.

நண்பரிடமும் அதையே சொன்னேன். கல்யாணம் எடுக்கிற நீங்கள்தான் கட்டடம் எடுக்கிற உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் சர்க்கார். அந்தச் சர்க்காரை மூட வேண்டாம். ஆனால் அதற்குள் ஒரு ட்ரெவெல்யன் உட்கார்ந்திருக்கிறார். என்றாவது ஒருநாள் ஆடம்பரம் என்று சொல்வார். அன்றைக்கு அவருக்குக் கீழ்ப்படியாமல் இருங்கள்.

சரியான பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முகூர்த்தம் காலை ஏழரைக்கு சார். தூண்ல வெளிச்சம் சாய்வா விழறதும் அதே ஏழரைக்குத்தான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை.