வரிசை எண் காட்டும் வழி

எபிரேய மறைநூல் மரபில், ஓசேயா முதல் மலாக்கி வரையுள்ள பன்னிரு இறைவாக்கினரின் நூல்கள் ஒரே நூலாக எண்ணப்பட்டன. ஒரே சுருளில் எழுதப்பட்டன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சீராக்கின் ஞான நூலும் இவர்களைத் தனித்தனியே பெயர் சொல்லி அழைக்காமல், பன்னிருவர் என ஒருசேரவே குறிப்பிடுகின்றது (49:10). இவ்வாறு சேர்த்து எழுதியதற்குக் காரணம் யாது? பாபிலோனியத் தல்மூதில், பாபா பத்ரா என்னும் பகுதியில், ரபிகள் மிக எளிய விடை ஒன்றைத் தருகின்றனர். ஓசேயாவின் நூல் சிறியது. தனித்து வைத்தால் அது தொலைந்துபோகக்கூடும் என்பதே அவ்விடை.

சிறியது தொலையாதிருக்க வேண்டுமாயின் அதனை அதன் உடன்பிறப்புகளோடு சேர்த்து வைக்க வேண்டும் என்னும் இவ்வறிவு, சுருள்கள் மறைந்து அச்சு நூல்கள் பெருகிய காலத்திலும் பயன் இழந்துவிடவில்லை. நூலகங்களில் 'நூல்வரிசை' என்று வழங்கப்படுவது இதன் வழித்தோன்றலே எனலாம். இவ்வரிசைகளை நூற்பட்டியலில் எவ்வாறு பதிவு செய்வது என்னும் வினா, நூலகர்களுக்கு மட்டுமே உரிய நுட்பம் போலத் தோன்றும். ஆயினும், திருச்சபைத் தந்தையரின் எழுத்துக்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை நோக்கின், அது நம்மையும் தொடும் வினா என்பது விளங்கும்.

அட்டையில் இரு கடமைகள்

ஒரு பதிப்பகமோ கல்வி நிறுவனமோ, வெவ்வேறு ஆசிரியர்களின் வெவ்வேறு நூல்களை ஒரு பொதுப் பெயரின்கீழ், பெரும்பாலும் தொடர் எண் இட்டு, ஆண்டுக்கணக்கில் வெளியிடுமாயின் அதுவே நூல்வரிசை. ஒவ்வொரு நூலுக்கும் தனி ஆசிரியர் உண்டு, தனித் தலைப்பு உண்டு. அதே வேளையில் அது ஒரு குடும்பத்தின் உறுப்பினருமாகும். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் இலக்கியம், இசை, மருத்துவம் எனப் பல துறைச் சுவடிகளை அச்சிட்டு, அவற்றிற்கு வெளியீட்டு எண் கொடுத்திருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வெளியீட்டு எண்களும் பழைய தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானவையே.

இத்தகைய நூலைப் பட்டியலிடுபவருக்கு இரு கடமைகள் உள. வரிசையின் பெயரையும் எண்ணையும் நூலில் உள்ளவாறே குறித்து வைப்பது முதற் கடமை. பட்டியல் அட்டையில் இக்குறிப்பு அடைப்புக்குறிக்குள் இடப்படுவது மரபு. வரிசையின் பெயரைக் கொண்டு தேடி வரும் ஒருவர் அவ்வரிசையின் எல்லா நூல்களையும் ஓரிடத்தில் காணுமாறு வழி அமைப்பது இரண்டாம் கடமை. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 1901 முதல் பிற நூலகங்களுக்கும் அச்சிட்டு வழங்கிய அட்டைகளின் அடிப்பகுதியில், உரோமை எண்ணோடு 'வரிசை' என்னும் பொருள்தரும் சொல் காணப்படுமாயின், வரிசையின் பெயரில் தனி அட்டை ஒன்றும் எழுத வேண்டும் என்று பொருள். குறித்து வைப்பது வேறு. வழி அமைப்பது வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்வோமாயின் பின்வருவது எளிதில் விளங்கும்.

நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இரங்கநாதன் அவர்கள் இவ்விரு கடமைகளையும் நன்கு உணர்ந்திருந்தார். கணித ஆசிரியராயிருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1934-இல் வெளியிட்ட பட்டியல் விதிநூலில், தலைமைப் பதிவில் வரிசைக் குறிப்புக்கு என்று தனி இடம் ஒதுக்கினார். வரிசையின் பெயரில் தனிப் பதிவு எழுதுவதற்கும் விதி செய்தார். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிட்ட வேண்டும் என்பது மூன்றாவது; வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது நான்காவது. வரிசைப் பதிவு இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுகின்றது.

மிஞ் அடிகளாரின் பெருமுயற்சி

திருச்சபையின் வரலாற்றில் நூல்வரிசை என்றவுடன் நினைவுக்கு வருபவர், பிரான்சு நாட்டுக் குருவாகிய ழாக் போல் மிஞ் அடிகளார் (1800–1875). பிரெஞ்சுப் புரட்சியில் துறவு மடங்களின் நூலகங்கள் சிதறுண்டதற்குப் பிற்பட்ட தலைமுறையினர் அவர். பாரிசுக்கு அருகே மொன்ருழ் என்னுமிடத்தில் பெரும் அச்சகம் ஒன்றை நிறுவி, எளிய குருக்களும் வாங்கத்தக்க விலையில் திருச்சபைத் தந்தையரின் எழுத்துக்கள் அனைத்தையும் அச்சிட அவர் முனைந்தார். நூல்களைத் தெரிவு செய்வதில், பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த பெனடிக்டின் சபைத் துறவி பித்ரா துணைநின்றார். 1844 முதல் 1855 வரை இலத்தீன் வரிசை 217 தொகுதிகளாக வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து நான்கு அட்டவணைத் தொகுதிகள் வந்தன. 1857 முதல் 1866 வரை கிரேக்க வரிசை 161 தொகுதிகளாக வெளிவந்தது. தெர்த்தூலியன் முதல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசெந்து வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இலத்தீன் கிறிஸ்தவ எழுத்துக்கள் ஒரே எண் வரிசைக்குள் அடங்கின.

இதன் விளைவு யாது? அன்று முதல் அறிஞர்கள் திருச்சபைத் தந்தையரை மேற்கோள் காட்டும்போது, இவ்வரிசையின் தொகுதி எண்ணையும் பத்தி எண்ணையும் குறிப்பது வழக்கமாயிற்று. இலத்தீன் வரிசை 32 என்றால் புனித அகுஸ்தீனாரின் 'ஒப்புகைகள்' அடங்கிய தொகுதி. 41 என்றால் 'கடவுளின் நகரம்'. கிரேக்க வரிசையில் 47 முதல் 64 வரை புனித யோவான் கிறிசோஸ்தோமின் எழுத்துக்கள். குருத்துவக் கல்லூரியில் இறையியல் பயின்ற எவரும் இவ்வெண்களை அடிக்குறிப்புகளில் கண்டிருப்பர். ஆசிரியரின் பெயரும் தலைப்பும் தெரியாத நிலையிலும், எண் ஒன்றே நூலைச் சுட்டிவிடுகின்றது.

ஆனால் இவ்வெண்ணோடு நூலகத்திற்கு வருபவர் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றார். நம் நாவில் வழங்கும் பெயர் 'பத்ரொலோஜியா லத்தீனா'. தலைப்புப் பக்கத்தில் உள்ளதோ 'பத்ரொலோஜியே குர்சுஸ் கொம்ப்ளேதுஸ்' என்பது. இலத்தீன் வேற்றுமை உருபால் முதற் சொல்லே திரிந்து நிற்கின்றது. போதாக்குறைக்கு, மறைநூலுக்கும் இறையியலுக்கும் மிஞ் அடிகளார் வெளியிட்ட வேறு தொகுப்புகளுக்கும் 'குர்சுஸ் கொம்ப்ளேதுஸ்' என்னும் அதே சொற்கள் பெயரில் உள. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர், 'இப்பெயரில் தேடுவோர் அப்பெயரில் காண்க' என்று எழுதி வைத்தாலன்றி, வாசகர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

1868-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மிஞ் அடிகளாரின் அச்சகம் தீக்கிரையாயிற்று. அச்சுத் தகடுகள் உருகி அழிந்தன. நூலகங்களுக்கு முன்னரே சென்று சேர்ந்திருந்த தொகுதிகளே பணியைக் காப்பாற்றின. பின்னர் கார்னியே பதிப்பகம் மறுபதிப்புச் செய்தபோது, சில தொகுதிகளில் பத்தி எண்கள் முதற்பதிப்போடு ஒத்துப்போகவில்லை. எனவே எந்தப் பதிப்பு என்பதையும் பட்டியல் சொல்ல வேண்டியதாயிற்று. கிரேக்க வரிசைக்குப் பயனுள்ள அட்டவணை ஒன்றை கவல்லெரா என்னும் அறிஞர் 1912-இல் வெளியிட்டார். அப்போது இறுதித் தொகுதி வெளிவந்து 46 ஆண்டுகள் கடந்திருந்தன. அச்சிடுவது ஒருவரின் உழைப்பு. அச்சிட்டதைக் கண்டெடுக்கச் செய்வது மற்றொருவரின் உழைப்பு.

எங்கே நிறுத்துவது?

இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1942-ஆம் ஆண்டில், பிரான்சின் லியோன் நகரில் இயேசு சபையினரான ஹென்றி தெ லூபாக், ழான் தனியேலு, குளோத் மோந்தெசேர் ஆகியோரின் முயற்சியால் 'சூர்ஸ் கிரெத்தியேன்', அதாவது 'கிறிஸ்தவ ஊற்றுகள்', என்னும் புதிய வரிசை தொடங்கிற்று. நீசா நகர்ப் புனித கிரகோரியாரின் 'மோசேயின் வாழ்வு' அதன் முதல் எண். இன்று இவ்வரிசை 600 எண்களைக் கடந்துவிட்டது.

இவ்வரிசையில், லியோனின் ஆயராயிருந்த புனித இரனேயுவின் 'திரிபுக் கொள்கைகளுக்கு எதிராக' என்னும் பெருநூல் வெளிவந்த விதம் கவனிக்கத்தக்கது. அந்நூல் ஐந்து பகுதிகளை உடையது. பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு பகுதியாக ஆராய்ந்து முடித்த வரிசையிலேயே வெளியிட்டனர். ஆகவே நான்காம் பகுதி எண் 100-ஆகவும், ஐந்தாம் பகுதி 152, 153 ஆகவும், மூன்றாம் பகுதி 210, 211 ஆகவும், முதற் பகுதி 263, 264 ஆகவும், இரண்டாம் பகுதி 293, 294 ஆகவும் அமைந்தன.

நூலகர் இவற்றை எங்கே நிறுத்துவது? வரிசை முழுவதையும் எண்ணின்படி ஓரிடத்தில் நிறுத்தினால், புனித இரனேயுவின் நூல் ஐந்து இடங்களில் சிதறும். அதுவும் நான்காம் பகுதி முதலிலும் இரண்டாம் பகுதி இறுதியிலுமாக. ஆசிரியரின்படி பிரித்து நிறுத்தினால் இரனேயு ஒன்றுசேர்வார், வரிசை சிதறிவிடும். ஒரு நூல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நிற்க இயலாது. ஆனால் அதன் பதிவு நிற்கலாம். அலமாரியால் இயலாததைப் பட்டியல் செய்கின்றது என்பதே இதன் சிறப்பு. 2022-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் புனித இரனேயுவை 'ஒற்றுமையின் மறைவல்லுநர்' என அறிவித்தார். அதன்பின் அவரை நாடி வரும் வாசகர், ஐந்து பகுதிகளையும் ஒன்றுசேர்த்துக் காண்பது பெயர் அறியாத ஒரு பட்டியலாளரின் பொறுமையால்தான்.

2006-இல் எழுந்த விவாதம்

1960-களின் பிற்பகுதியில், அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் ஹென்றியட் அவ்ராம் அம்மையாரின் தலைமையில், பட்டியல் அட்டைகளைக் கணிப்பொறி படிக்கத்தக்க வடிவாக்கும் 'மார்க்' என்னும் முறை உருவாயிற்று. அதில் வரிசையைக் குறித்து வைப்பதற்கு 490 என்ற புலமும், தேடும் வழி அமைப்பதற்கு 830 போன்ற புலங்களும் அமைந்தன. இரண்டையும் ஒருங்கே செய்த 440 என்ற புலம் 2008-இல் கைவிடப்பட்டது. இவற்றிற்குப் பின்னணியில், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மூலப் பதிவு பேணப்பட்டது. வரிசையின் உறுதிசெய்யப்பட்ட பெயர் எது, மாற்றுப் பெயர்கள் எவை, எண்கள் எவ்வாறு எழுதப்படும், நூல்கள் சேர்த்து நிறுத்தப்படுமா பிரித்து நிறுத்தப்படுமா என்பனவெல்லாம் அதில் அடங்கும்.

2006-ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அன்று, காங்கிரசு நூலகம் இம்மூலப் பதிவுகளைத் தான் இனி உருவாக்கப் போவதில்லை என அறிவித்தது. ஜூன் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வரிசையின் பெயர் குறித்து மட்டும் வைக்கப்படும். அதன்வழித் தேடுவதற்கு உறுதியான வழி அமைக்கப்படாது. வரிசையின் நூல்கள் இனித் தனித்தனியே பகுக்கப்பட்டு வெவ்வேறு இடங்களில் நிறுத்தப்படும். மூலப் பதிவுக்கு ஆகும் நேரமும் செலவும் மிகுதி. கணிப்பொறியில் சொல்லைத் தட்டித் தேடினாலே போதும் என்பது கூறப்பட்ட காரணம்.

இக்காரணத்தில் நியாயமே இல்லை எனக் கூறுதல் தகாது. பட்டியலிடப்படாமல் குவிந்து கிடக்கும் நூல் எவருக்கும் பயன்படாது. ஆயினும் நூலகர்கள் பலர் வருந்தினர், எதிர்ப்பும் தெரிவித்தனர். அந்நூலகத்திலேயே ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும் பணியிலிருந்த தாமஸ் மேன் என்பவர் நீண்ட மறுப்புரை ஒன்றை எழுதினார். சொல்லைத் தட்டித் தேடுவது, எந்தச் சொல்லைத் தட்ட வேண்டும் என்று முன்னரே அறிந்தவருக்கே உதவும். 'பத்ரொலோஜியா' என்று தட்டுபவருக்கு 'பத்ரொலோஜியே' கிட்டுமா என்பதே நம் வினாவும். முடிவை மாற்ற இயலவில்லையெனினும், கூட்டுப் பட்டியல் திட்டத்தில் இணைந்த பிற நூலகங்கள் மூலப் பதிவுகளைத் தொடர்ந்து எழுதின. பெரியவர் கைவிட்ட நூலிழையைச் சிறியவர் பலர் கூடிப் பற்றிக்கொண்டனர்.

நம் அலமாரிகள்

பங்குகளிலும் துறவற இல்லங்களிலும் உள்ள சிறு நூலகங்களுக்கு நூல்கள் பெரும்பாலும் நன்கொடையாகவே வருகின்றன. மறைந்த குரு ஒருவரின் நூல்கள் பெட்டிகளில் வந்து சேரும். ஒரு வரிசையின் மூன்றாம் எண்ணும் ஏழாம் எண்ணும் அவற்றுள் இருக்கும். மற்றவை வேறொரு பங்கில் இருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் தலைப்பை மட்டும் எழுதி எண்ணிட்டு விட்டோமானால், அவை ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்னும் செய்தி அன்றோடு மறைந்துவிடும்.

இதற்குக் கணிப்பொறியும் வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை. தலைப்பை எழுதும்போது வரிசையின் பெயரையும் எண்ணையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுதுவோம். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை வைத்து, நம்மிடம் உள்ள எண்களை நிரப்பி, இல்லாதவற்றிற்கு இடம் விடுவோம். அவ்வெற்றிடமே, எதனைத் தேட வேண்டும் என்று நமக்குச் சொல்லும். அயல் பங்கின் அட்டையோடு ஒப்பிட்டால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லும்.

இப்பணிக்கு விழா இல்லை, பொன்னாடை இல்லை. அதன் பயனை நுகர்பவர், இன்னும் பிறவாத ஒரு மாணவராகவும் இருக்கலாம். ஓசேயாவின் சிறு நூல் தொலைந்துவிடலாகாது என்று கவலைப்பட்ட அந்தப் பெயரறியாதவர்களும் நம்மைக் கண்டதில்லை. அவர்களது கவலையின் பயனை நாம் திருப்பலியில் இறைவாக்காகக் கேட்கின்றோம். புதிய நூலொன்றைக் கையில் எடுக்கும்போது, தலைப்புப் பக்கத்திற்கு முந்திய பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். வரிசையின் பெயரும் எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.