எல்லைச் சாலையில் இரண்டு துப்பாக்கிச் சூடுகள்

திருவனந்தபுரத்தில் நாகர்கோவில் பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை, பாறசாலை, அடுத்தது களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். இன்னும் சற்றுத் தூரம் போனால் மார்த்தாண்டம். வெளியூர்களில் வாழும் நம்மவர்கள் பலருக்கும் இது சொந்த ஊருக்குப் போகிற வழி. இந்த வழியில் 16 ஆண்டு இடைவெளியில் இருமுறை துப்பாக்கி வெடித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், துப்பாக்கியை எப்போது எடுக்கலாம் என்ற கேள்விக்கு ஒரு பாடம் கிடைக்கும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். “கையில லைசென்ஸ் இருக்குல்ல, பிறகென்ன? திருடன் வந்தா சுட்டுட வேண்டியதுதானே!” என்று சிலர் பேசுவதுண்டு. அது தவறு. ஆயுதச் சட்டம் தருகிற உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான். யாரைச் சுடலாம் என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்வது தற்காப்பு உரிமை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது.

அதன் சாரம் இதுதான். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வருகிறது என்று நியாயமாக அஞ்சுகிற கணத்தில் உரிமை பிறக்கிறது. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடும். ஓடுகிறவன் முதுகில் சுடுவது தற்காப்பு ஆகாது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. எதிரியின் உயிர் போகும் அளவுக்கு எதிர்க்கலாம் என்றால், மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல் போன்ற சில ஆபத்துகள் எதிரே நிற்க வேண்டும். துப்பாக்கியை உருவி நீட்டுவதற்கும் இதே அளவுகோல்தான். ஆபத்தே இல்லாமல் வாய்ச்சண்டையில் அதை நீட்டினால் மிரட்டல் குற்றம்.

அதே சமயம், பதறி நிற்பவன் தராசில் நிறுத்து அடிக்க முடியாது என்பதையும் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில், தந்தையை வெட்டியவரைச் சுட்ட மகனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

இனி நம் சாலைக்கு வருவோம். 1938இல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் ஆட்சியில், பொறுப்பாட்சி கேட்டுத் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் போராடியது. பட்டம் தாணுப்பிள்ளை அதன் தலைவர். ஆகஸ்ட் 31 அன்று, உள்ளூர்த் தலைவர் கைதானதை எதிர்த்து நெய்யாற்றின்கரையில் மக்கள் திரண்டார்கள். இராணுவம் சுட்டது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர்.

1954இல் அதே பட்டம் தாணுப்பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர். இப்போது போராடியவர்கள் தமிழர்கள். தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் பட்டியலில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் உண்டு. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. நம்மவர்கள் மாண்டார்கள். சிறையில் இருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் அரசே என்றும் பாராமல், அது பதவி விலக வேண்டும் என்றார். சுதந்திர நாட்டில், ஆயுதமற்ற மக்கள்மேல் மக்களாட்சியும் சுடலாமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

கூட்டத்தைச் சுட்ட பிறகு, “தற்காப்புக்காகச் சுட்டோம்” என்று சொல்வது எல்லா அரசுகளுக்கும் வழக்கம். சட்டத்தில் இதற்கும் இடம் உண்டு. கொலைவெறிக் கும்பலிடம் சிக்கியவர் சுடும்போது, கும்பலோடு கலந்து நிற்கும் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தாலும் குற்றமில்லை என்று சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. ஆனால் அது, சுடாவிட்டால் சாவு என்ற நிலை. கலையாமல் நிற்கும் கூட்டம் வேறு, கொல்ல வரும் கும்பல் வேறு. கூட்டத்தைக் கலைக்க முதலில் உத்தரவு, பிறகுதான் பலம். இராணுவமே வந்தாலும் ஆகக் குறைந்த பலம், ஆகக் குறைந்த சேதம் என்பதே விதி.

காவலரின் ஆபத்தையும் நாம் மறக்கலாகாது. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட கணத்துக்காகத்தான் சட்டம் தற்காப்பு உரிமையைத் தந்திருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. எல்லைக்கு இரு பக்கமும் சட்டம் ஒன்றுதான். வீட்டுக்காரர் கையில் இருந்தாலும் அரசாங்கத்தின் கையில் இருந்தாலும் துப்பாக்கியிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: “அந்தக் கணத்தில் வேறு வழி இல்லையா?” 1938இல் அந்தக் கேள்வியைக் கேட்ட இயக்கத்தின் தலைவரே 1954இல் பதில் சொல்ல வேண்டியவரானார். அடுத்தமுறை அந்தப் பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.