பெயரைச் சொல்லாமல் ஆளை உறுதிசெய்ய முடியுமா? பல பிளாக்செயின்களில் அடையாளச் சரிபார்ப்பு

வெளியூர் போய் லாட்ஜில் அறை எடுக்கிறோம். ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள், கொடுத்துவிடுகிறோம். கல்யாண மண்டபத்தில் கேட்டாலும், கூரியர் அலுவலகத்தில் கேட்டாலும் அப்படியே. கேட்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஒரே ஒரு விடைதான்: இவர் உண்மையான ஆளா, அல்லது 18 வயது நிறைந்தவரா. நாம் கொடுப்பதோ பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், முகவரி, புகைப்படம் என்று மொத்தமாக. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி, இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. ஜெராக்ஸ் கொடுக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இது வெறும் அசௌகரியம் என்று நினைப்பவர்கள் ரோஹிங்கியா அகதிகளின் கதையைக் கேட்க வேண்டும். வங்கதேச முகாம்களில் உதவிப் பொருட்கள் பெறுவதற்கு அவர்கள் பதிவுசெய்துகொண்டார்கள். குறைந்தது 8,30,000 பேருடைய பெயர்களையும் உடல் அடையாள விவரங்களையும் வங்கதேச அரசு மியான்மருக்கு அனுப்பிவிட்டது என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. பதிவுப் பணியில் ஈடுபட்ட ஐ.நா. அகதிகள் அமைப்பு, சம்மதம் கேட்டுத்தான் செய்தோம் என்று பதில் சொன்னது. அரிசிக்காகக் கொடுத்த கைரேகை, எந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அந்த அரசின் கைக்கே போயிற்று. தகவல் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அதை யாரிடம் கொடுப்பது என்று முடிவுசெய்வது நாமல்ல, அந்த இடத்தின் சாவியை வைத்திருப்பவர்.

இதற்கு மாற்று உண்டா என்ற கேள்வி புதியதல்ல. டேவிட் சாம் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், அடையாளத்தைச் சொல்லாமலே பாதுகாப்பாகக் கொடுக்கல் வாங்கல் செய்வது எப்படி என்று 1985இலேயே கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் ஆகிய மூவர் 'ஜீரோ நாலெட்ஜ் புரூஃப்' என்ற கணித முறையை முன்வைத்தார்கள். ஒரு விஷயம் உண்மை என்று நிரூபிப்பது, ஆனால் அது உண்மை என்பதைத் தவிர வேறெதையும் வெளியிடாமல் இருப்பது: இதுதான் அதன் சாரம். பிறந்த தேதியைச் சொல்லாமலே 18 நிறைந்துவிட்டது என்று நிரூபித்துவிடலாம்.

நடைமுறையில் மூன்று தரப்பினர் இருக்கிறார்கள். சான்று கொடுப்பவர், அதை வைத்திருப்பவர், சரிபார்ப்பவர். அரசோ பல்கலைக்கழகமோ டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட சான்றை நமக்குத் தருகிறது. அது நம் கைபேசியில் இருக்கும். யாராவது கேட்டால் சான்றை அப்படியே காட்டுவதில்லை. 'இன்னார் கையெழுத்திட்ட சான்று என்னிடம் இருக்கிறது, அதில் நீங்கள் கேட்ட தகுதி இருக்கிறது' என்பதற்கான கணித நிரூபணத்தைக் கைபேசியே தயாரித்துக் கொடுக்கும். பிளாக்செயினில் பொதுவாக ஏறுவது சான்று கொடுப்பவரின் பொதுச்சாவி, எந்தச் சான்றுகள் ரத்தாயின போன்ற விவரம் மட்டுமே. நம் பெயர் அங்கே ஏறக் கூடாது. ஏறினால் அழிக்க வழியில்லை.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். அறிவிப்பாளர் யாரென்று தெரியாவிட்டால், அவர் 'மஜ்ஹூல்' என்று அந்த அறிவிப்பு பலவீனமாகிவிடும். இங்கே சான்றைக் காட்டுபவர் மஜ்ஹூலாகவே இருக்கலாம். ஆனால் கையெழுத்திட்டவர் யாரென்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. சரிபார்ப்பின் முழுப் பாரமும் அவர் மேல்தான் நிற்கிறது.

இனி, சிக்கலான பகுதிக்கு வருவோம். இத்தீரியம், பாலிகான், ஆப்டிமிசம் என்று பிளாக்செயின்கள் பல. ஒன்றில் எழுதியிருப்பதை இன்னொன்று தானாகப் படிக்காது. இரண்டு ஊர் ஜமாஅத்துகளின் பதிவேடுகள் போல வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் கொடுத்த ஜகாத் உதவி அந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்காது. ஆகவே ஒரு செயினில் உள்ள உறுப்பினர் பட்டியலை மற்றவற்றுக்கும் தெரியப்படுத்த வேண்டும். முழுப் பட்டியலையும் அனுப்புவதில்லை. பட்டியல் முழுவதையும் ஹேஷ் என்ற கணக்கின் வழியாக ஒரே எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணை மட்டும் அனுப்புகிறார்கள். மெர்க்கல் மரத்தின் வேர் என்று அதற்குப் பெயர். அந்த வேர் கையில் இருந்தால், பட்டியலில் தானும் ஒருவர் என்பதை, எத்தனையாவது ஆள் என்று சொல்லாமலே எந்தச் செயினிலும் நிரூபிக்கலாம்.

அப்படியானால் ஒரே ஆள் பத்து முறை வந்து பத்து முறை உதவி வாங்கினால்? பெயர்தான் தெரியாதே. இதற்காக 'நல்லிஃபயர்' என்றொரு எண் உண்டு. நம்மிடம் உள்ள ரகசிய எண்ணையும் பயன்படுத்தும் இடத்தின் குறியீட்டையும் சேர்த்து அது கணக்கிடப்படும். அதே இடத்துக்கு மறுபடி போனால் அதே எண் வரும், பிடிபட்டுவிடுவோம். வேறு இடத்தில் வேறு எண் வரும், ஆகவே இரண்டையும் சேர்த்து நம் நடமாட்டத்தைத் தொடர முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே உதவித் திட்டம் இரண்டு செயின்களில் நடந்து, இரண்டும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தால், அந்த ஆள் இரண்டிலும் வாங்கிவிடலாம். ரத்து செய்த சான்றும் அப்படித்தான். செய்தி அடுத்த செயினுக்குப் போய்ச் சேரும்வரை அங்கே அது செல்லுபடியாகும். செயின்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் 'பிரிட்ஜ்' ஏமாந்துவிட்டால் போலி வேரும் உள்ளே நுழையலாம். 2022 மார்ச்சில் ரோனின் பிரிட்ஜை உடைத்து 60 கோடி டாலருக்கு மேல் திருடினார்கள். அது பணம் கொண்டுபோகும் பாலம். அடையாளம் கொண்டுபோகும் பாலத்துக்கும் இதே கவலை உண்டு.

நடப்பில் உள்ள உதாரணங்களில் பூட்டான் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 8 லட்சம் மக்கள் கொண்ட அந்நாடு 2023இல் தேசிய டிஜிட்டல் அடையாளத்தை ஹைப்பர்லெட்ஜர் இண்டி என்ற அமைப்பில் தொடங்கியது. 2024இல் பாலிகானுக்குப் போனது. 2025 அக்டோபரில் இத்தீரியத்துக்கு மாறுவதாக அறிவித்தது. சான்று செயினில் இல்லாமல் குடிமகனின் கைபேசியில் இருப்பதால்தான் இப்படி வீடு மாற முடிகிறது.

இன்னொன்று வேர்ல்டுகாயின். 2023 ஜூலையில் தொடங்கிய இது, கண்ணின் கருவிழியைப் படமெடுத்து 'இவர் தனியொரு மனிதர்' என்று சான்று கொடுக்கிறது. அதன் பட்டியலின் வேர் இத்தீரியத்திலிருந்து மற்றச் செயின்களுக்கு அனுப்பப்படுகிறது. மேலே சொன்ன கணிதமெல்லாம் இதில் உண்டு. ஆனாலும் கென்யா அடுத்த மாதமே இதை நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் அந்நாட்டு உயர் நீதிமன்றம், திரட்டிய உடல் அடையாளத் தகவல்களை அழிக்க உத்தரவிட்டது. காசு போன்ற டோக்கனைக் காட்டி வாங்கிய சம்மதம் சம்மதமா என்பது அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று. நமக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. நிரூபணம் ரகசியமாக இருந்து என்ன, முதல் நாளில் கருவிழியை ஒரு கருவிக்குக் கொடுத்தாயிற்றே.

நமக்கு நெருக்கமானது 'அனான் ஆதார்'. இது அரசுத் திட்டமல்ல. இத்தீரியம் ஆய்வாளர்கள் உருவாக்கிய திறந்த மென்பொருள். ஆதாரில் உள்ள க்யூஆர் கோடில் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது அல்லவா, அதைக் கைபேசியிலேயே சரிபார்த்து, 18 வயது நிறைந்தவர், இன்ன மாநிலத்தவர் என்பது போன்ற விடையை மட்டும் நிரூபணமாக வெளியே தருகிறது. ஆதார் எண் வெளியே போவதில்லை. புதிதாக யாரிடமும் பதிவுசெய்ய வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. குறையும் அங்கேதான் இருக்கிறது. இதில் நல்லிஃபயர் கணக்கிடப்படுவது நாம் மட்டும் அறிந்த ரகசிய எண்ணிலிருந்து அல்ல, அந்தக் கோடுக்குள் இருக்கும் புகைப்படத் தகவலிலிருந்து. ஆகவே ஆதார் ஆணையம் நினைத்தால் இந்த எண் யாருடையது என்று கண்டுபிடித்துவிட முடியும். நம் க்யூஆர் கோடைத் தெளிவாக வைத்திருக்கும் எவரும், நம் பெயரில் நிரூபணமே தயாரித்துவிடவும் முடியும். லாட்ஜ் மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்த ஜெராக்ஸ் தெளிவாக இருந்தால், அதுவும் போதும்.