ஒரே கம்பி, இரண்டு கடை: 1910 சட்டமும் நம்ம ஈ.பி. பில்லும்

ராயபுரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், கரண்ட் யார் தருகிறார்கள் என்று. "ஈ.பி.தான், வேற யாரு?" என்பார்கள். வாரியம் 2010இல் டான்ஜெட்கோ ஆனது, 2024இல் பெயர் மறுபடியும் மாறியது. மக்கள் வாயில் அது ஈ.பி.தான்.

ஆனால் சுதந்திரத்துக்கு முன்பு சென்னைக்கு மின்சாரம் விற்றது ஓர் ஆங்கிலேயத் தனியார் கம்பெனி: மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன். வடசென்னையின் பேசின் பிரிட்ஜில் அதன் மின்நிலையம் இருந்தது. 1947 ஆகஸ்ட் 29 அன்று சென்னை அரசு அதை வாங்கியது. அந்த விற்பனையை ஒட்டிய வருமான வரி வழக்கு 1955இல் லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது தனிக்கதை. 1957 ஜூலை 1இல் மின்வாரியம் பிறந்தது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 1910 இந்திய மின்சாரச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவருக்கு உரிமம் கொடுத்த பகுதியிலேயே இன்னொருவருக்கும் கொடுக்கலாம் என்றது. அதாவது சட்டம் ஏகபோகம் தரவே இல்லை. தந்தது கம்பிதான். இரண்டாவது ஆள் வியாபாரம் செய்ய அதே தெருவில் இன்னொரு முறை பள்ளம் தோண்டி, கேபிள் புதைக்க வேண்டும். கட்டுப்படியாகுமா? 2003 சட்டமும் இரண்டாவது உரிமதாரரை அனுமதித்தது, ஆனால் "சொந்தக் கம்பியில்" என்ற நிபந்தனையோடு.

2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா இந்த நிபந்தனையைத்தான் எடுக்கப் பார்த்தது. கம்பி ஒன்று, விற்பவர் பலர். அது நிலைக்குழுவுக்குப் போனது, சட்டமாகவில்லை. யோசனை மட்டும் உயிரோடு இருக்கிறது.

மும்பையில் இது ஏற்கெனவே நடந்தது. 2008 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ரிலையன்ஸ் கம்பி வழியாகவே டாடா மின்சாரத்துக்கு வீடுகள் மாறின. டாடா பெரிய வாடிக்கையாளர்களைப் பொறுக்கி எடுக்கிறது என்று புகார் கிளம்பியது.

நமக்கும் சிக்கல் அங்கேதான். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு அரசு மானியம் தருகிறது. அதுபோக, மணலி, எண்ணூர் ஆலைகள் போன்ற பெரிய நுகர்வோர் கட்டும் கூடுதல் கட்டணமும் சின்ன வீடுகளின் பில்லைத் தாங்குகிறது. திருவொற்றியூரில் 90 யூனிட் ஓட்டும் வீட்டைத் தேடி எந்தப் புதுக்கடைக்காரர் வருவார்? ஆலையைத்தான் தேடிப் போவார். ஆலை போனால் பழைய கடையில் மிஞ்சுவது சின்ன வீடுகளும் பெரிய கடனும்தான்.

மசோதா எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஒருவருக்குக் கிடைக்கும் கூடுதல் வசூலை இன்னொருவரின் குறைக்கு ஈடுகட்ட, ஒரு பொது நிதியை மாநில அரசு அமைக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

பிரிட்டனில் விற்பவர் பலர்தான். 2021இல் எரிவாயு விலை ஏறியதும் 20க்கும் மேற்பட்ட கம்பெனிகள் கவிழ்ந்தன. அந்த வீடுகளை ஒழுங்குமுறை ஆணையம் மற்ற கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. செலவு எல்லோர் பில்லிலும் ஏறியது.

ஆகவே புது மசோதா எப்போது வந்தாலும், எத்தனை கடை என்று நான் எண்ணப் போவதில்லை. அந்தப் பொது நிதியில் யார் பணம் போடுவார், கடை மூடினால் 90 யூனிட் வீட்டுக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு பிரிவுகளைத்தான் முதலில் தேடுவேன். நீங்களும் தேடுங்கள்.